எம்340ஐ பிரேக்: நாமே மாற்றுவதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி வந்த ஒரு ஞாயிறு மாலை, முன் பிரேக் பேட் (பிரேக் பிடிக்கும்போது தேயும் கட்டை) மாற்ற வேண்டும் என்று என் காரின் திரையில் எழுத்து வந்தது. மறுநாள் ஷோரூமில் எஸ்டிமேட் வாங்கினேன். அதைப் பார்த்த என் தம்பி, "இதுக்கா இவ்வளவு? நாமளே கழட்டி மாட்டிக்கலாம்ணா, வீடியோல அரை மணி நேரத்துல முடிச்சுடறாங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்பு வைத்திருந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு மூன்று முறை முன் பேட் நானே மாற்றியிருக்கிறேன். இப்போது வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ எம்340ஐ-க்கும் முன் பேட் நான் போட்டதுதான். பின் சக்கரமும் பிரேக் ஆயிலும் மெக்கானிக்கிடம் போயின. இந்தப் பிரிவினைக்குக் காரணம் இருக்கிறது.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். எம்340ஐ நம் சென்னை ஆலையில் 2021 மார்ச் முதல் பூட்டப்படும் கார். முதலில் வந்த மாடலுக்கு 387 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. எடை ஏறக்குறைய 1,700 கிலோ. முன் சக்கரத்தில் 348 மில்லிமீட்டர் விட்டமும் 36 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. பேடை அழுத்தி அதைக் கவ்வுவது நான்கு பிஸ்டன் உள்ள, அசையாத நீல நிறக் காலிப்பர். பின்னால் 345 மில்லிமீட்டர் டிஸ்க். அங்கே ஒற்றைப் பிஸ்டனோடு நகரும் காலிப்பர், அதன் முதுகில் பார்க்கிங் பிரேக்குக்கான சின்ன மின்மோட்டார். முன்னும் பின்னும் இப்படி வேறுபடுவதுதான் எந்த வேலையை யார் செய்யலாம் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

மற்றதை முடிவு செய்வது வெப்பம். 1,700 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 6.5 லட்சம் ஜூல். குழாயில் பிடித்த 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மலையிறக்கம் இதைவிட மோசம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில். இந்த எடையோடு அவ்வளவு உயரம் இறங்கினால் 3 கோடி ஜூலுக்கு மேல் எங்காவது போயாக வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 48 முறை நிறுத்துவதற்கு அது சமம். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். என்ஜினும் தன் பங்கை வாங்க வேண்டும் என்றுதான் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று பலகை வைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’-யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனையும் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் மூன்றின் தலையில்தான் விழும். சாதாரண ஊர் ஓட்டத்தில் வெளியே தெரியாத ஒரு சின்னத் தப்பு, இந்தச் சூட்டில் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும். வேகமான காரின் பிரேக் வேலையைக் குடும்பக் காரின் பிரேக் வேலையிலிருந்து பிரிப்பது இதுதான். நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்.

பணத்துக்கு வருவோம். இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருகின்றன. அங்கே ஷோரூமில் ஒரு மணி நேரக் கூலியே 150 டாலரைத் தாண்டுவது சகஜம். அதனால் அவர்களுக்கு வீட்டிலேயே செய்வது பெரிய மிச்சம். நம் ஊரில் கணக்கு தலைகீழ். எனக்குத் தந்த எஸ்டிமேட்டில் 100 ரூபாய்க்கு 85 ரூபாய் பாகங்களுக்கு, 15 ரூபாய்தான் லேபர். நானே செய்தால் அந்த 15 தான் மிஞ்சும். பாகம் வாங்கும் 85-ல் எதுவும் குறையாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் இரண்டு வழிக்கும் பொது.

கருவிகளின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். டிராலி ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), பேடைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டும் பஞ்ச், பிஸ்டன் தள்ளும் கருவி, காரின் கணினியோடு பேச ஓபிடி அடாப்டர், ரப்பர் கட்டை, கிளீனர் என்று எல்லாம் சேர்ந்து எனக்கு 20,000 ரூபாயைத் தாண்டியது. முன் பேட் மாற்ற லேபர் 5,000 என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு முறை மாற்றினால்தான் கருவிக்காசு திரும்பும். என் ஓட்டத்துக்கு முன் பேட் மூன்று வருடம் வரும். அப்படியானால் 12 வருடம். அதற்குள் காரே கை மாறிவிடும். மிச்சம் பிடிக்கத்தான் என்று யாராவது இறங்கினால், இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் நல்ல பேட் வாங்குங்கள்.

அப்படியென்றால் நான் ஏன் செய்கிறேன்? போலோவில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம். பேட் மாற்றிப் பத்து மாதம்கூட ஆகவில்லை, வலது முன் சக்கரத்தில் இரும்பு இரும்போடு உரசும் சத்தம். கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்கப் பேட் தகடுவரை தேய்ந்து டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தது. காலிப்பர் நகர்ந்து போய்வரும் கைடு பின்னைச் சுத்தம் செய்யாமல், காய்ந்துபோன பழைய கிரீஸோடு அப்படியே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கைடு பின் இறுகிவிட்டது, காலிப்பர் நகரவில்லை, ஒரு பேட் மட்டும் எல்லா வேலையும் செய்திருக்கிறது. அதே கடையில்தான் வீல் போல்ட்டை இம்பாக்ட் கன் (அளவு பார்க்காமல் வேகமாக இறுக்கும் மெஷின்) வைத்து இறுக்கியிருந்தார்கள். காரமடை தாண்டி இரவில் பஞ்சரானபோது வண்டியோடு வந்த ஸ்பேனரில் ஏறி நின்றும் ஒரு போல்ட் அசையவில்லை. பில்லில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பின்னைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவ ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பில்லில் தனி வரி கிடையாது, அதனால் அது நடந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியவும் வழி கிடையாது. நானே செய்தால் தெரியும். அப்படித் தெரிவதுதான் எனக்கு மதிப்பு, அதற்குத்தான் 20,000 செலவழித்தேன்.

ஆனால் தெரிந்து செய்வதற்கும் தெரிந்ததாக நினைத்துச் செய்வதற்கும் உள்ள தூரத்தையும் அதே போலோதான் எனக்குக் காட்டியது. முதன்முறை பேட் மாற்றியபோது எல்லாம் சரியாக முடிந்தது என்று சக்கரத்தைப் பூட்டிக் காரை எடுத்தேன். புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்ட முடியும். தள்ளிய பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொட, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டேன். போர்ட்டிகோ சரிவில் பின்னால் இறங்கிய கார், பெடல் தரையைத் தொட்டும் நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கேட்டுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பேட் மாற்றினால் முதலில் பெடல், அப்புறம்தான் சாவி என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றுகிறேன்.

எம்340ஐ-யின் முன் பேட் மாற்றுவது உண்மையில் போலோவைவிடச் சுலபம். போலோவில் 7 மில்லிமீட்டர் ஆலன் கீ வைத்துக் கைடு பின்னைக் கழற்றி, காலிப்பரைத் தூக்கி, கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். (பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ரப்பர் விட்டுப்போகும்.) எம்340ஐ-யில் காலிப்பரைக் கழற்றவே வேண்டாம். சக்கரத்தை எடுத்ததும் பேடைப் பிடித்திருக்கும் பின்களைப் பஞ்ச் வைத்துத் தட்டி, ஸ்பிரிங் தகட்டை எடுத்தால் பேட் மேல்பக்கமாகவே வந்துவிடும். கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: நான்கு பிஸ்டனும் ஒரே ஆயிலில் இணைந்தவை, ஒன்றைத் தள்ளினால் எதிரில் இருப்பது வெளியே வரும். அதனால் இரண்டு பேடையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், ஒரு பக்கம் பழைய பேட் இருக்கும்போதே மறுபக்கத்தை மெதுவாகத் தள்ளிப் புதுப் பேடை நுழைக்க வேண்டும். தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவில், அதாவது ரிசர்வாயரில், மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும், அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். தேய்மானம் சொல்லும் சென்சார் முன்னால் இடது சக்கரத்தில் இருக்கும். எச்சரிக்கை வந்த பிறகு அந்தச் சென்சாரையும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஒயர் அறுந்துதான் அது தகவல் சொல்கிறது.

எனக்கு முதல்முறை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆனது. கை பழகிய மெக்கானிக்குக்கு முக்கால் மணி நேரம் போதும்.

டிஸ்க்கும் மாற்றுவதாக இருந்தால் கதை கொஞ்சம் நீளும். காலிப்பரையே கழற்ற வேண்டும், அதைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்களை கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் எமரி ஷீட் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். அங்கே முடி அளவு துருத்துகள் சிக்கினாலும் டிஸ்க்கின் விளிம்பில் அது ஆட்டமாகத் தெரியும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் உதறத் தொடங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வளைவே இல்லை. ஹப்பில் அழுக்கு அல்லது டிஸ்க்கில் பேடின் பொருள் சீரில்லாமல் படிந்தது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கடற்கரை ஊர்களில் துரு அதிகம் என்பதால் சென்னைக்காரர்கள் இதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போகாமல் சீவ இடம் இருப்பது அபூர்வம், இருந்தாலும் மெலிந்த டிஸ்க் சூடு தாங்காது. வேகமான காரில் இந்த மிச்சம் வேண்டவே வேண்டாம்.

பின் சக்கரத்தில்தான் நான் நிறுத்திக்கொண்டேன். பார்க்கிங் பிரேக் மோட்டார் பிஸ்டனைத் திருகிப் பிடித்திருக்கும். அதைக் கணினி வழியாகச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் கருவி வைத்துத் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு கெட்டுவிடும், முழுக் காலிப்பரும் செலவாகும். பிம்மர்லிங்க் போன்ற செயலியும் நல்ல அடாப்டரும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பலர் செய்கிறார்கள். பேட்டரி பலவீனமாக இருந்து நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் செய்யட்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒரு காலிப்பர் விலையில் பத்துத் தடவை லேபர் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரேக் ஆயில்தான் இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். ஆயில் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. என்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரி. டாட் 5.1-க்கு இதே எண்கள் 260-ம் 180-ம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழியை அழுத்தலாம், ஆனால் அது அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் மென்மையாகி, அடுத்த வளைவில் தரையைத் தொடும். மேலே சொன்ன 3 கோடி ஜூல் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். பேட் புதிதாக இருந்து, நான்கு வருடப் பழைய பிரேக் ஆயிலோடு மலை இறங்கும் கார், பாதி தேய்ந்த பேடும் புது ஆயிலும் உள்ள காரைவிட ஆபத்தானது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5-ஐ வாங்கிவிடவும் கூடாது. அது சிலிகான், இந்தக் காரில் சேராது.

இதை வீட்டில் செய்ய முடியாதா? பழைய காரில் முடியும். ஒருவர் பெடல் மிதிக்க, ஒருவர் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். புதிய கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி பார்க்கும் அமைப்பு) தொகுதிக்குள் காற்று புகுந்துவிட்டால் கணினி வைத்து உள்ளே இருக்கும் வால்வுகளை ஓட்டினால்தான் வெளியே வரும். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஐரோப்பியக் கார்கள் மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் போகிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்னார்: "பேட் நீங்க மாத்துங்க தம்பி, தப்பாப் போனா சத்தம் போட்டுச் சொல்லும். ஏர் புகுந்துச்சுன்னா சொல்லாதுங்க. மலையில கால் வெச்சதுக்கப்புறந்தான் சொல்லும்." எது தப்பானால் முன்கூட்டியே தெரியுமோ அதை நான் செய்கிறேன், எது கடைசி நொடியில்தான் தெரியுமோ அதை அவரிடம் விடுகிறேன். அவர் சொன்ன அந்த ஒரு பிரிப்பை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறேன்.

இப்போது மெக்கானிக் என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஷோரூம்தான். அதோடு, கார் வாங்கும்போது எடுத்த சர்வீஸ் இன்க்ளூசிவ் திட்டத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். அதன் பிளஸ் வகையில் பேட், டிஸ்க் போன்ற தேய்மானப் பொருள்களும் அடங்கும். பழைய கார் வாங்கியவர்கள் சேசிஸ் எண்ணைச் சொல்லி ஷோரூமில் கேட்டால், திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கேட்காமலே கையிலிருந்து செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

திட்டமும் வாரண்டியும் முடிந்த காருக்கு, தனியாக இயங்கும் நல்ல ஸ்பெஷலிஸ்ட்தான் என் தேர்வு. ஷோரூமில் கருவியும் கையேடும் சரியாக இருக்கும். ஆனால் யார் கை வைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கவும் விடமாட்டார்கள். ஸ்பெஷலிஸ்ட் கடையில் நிற்கலாம், கேட்கலாம், நாம் வாங்கிவந்த பாகத்தைப் போடச் சொல்லலாம். நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். சக்கரத்தைப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் எடுக்கிறாரா? இந்தக் காருக்கு வீல் போல்ட் 140 நியூட்டன் மீட்டர், கன்னால் இறுக்கிவிட்டுப் போகிறவரிடம் காரைக் கொடுக்க மாட்டேன். அடுத்து, பிரேக் தூசியைக் காற்று அடித்து ஊதுகிறாரா, கிளீனர் அடித்து நனைத்துத் துடைக்கிறாரா? ஊதுபவர் தன் நுரையீரலைப் பற்றியே கவலைப்படவில்லை. என் காரைப் பற்றி எங்கே கவலைப்படப் போகிறார்.

பாகம் வாங்குவதிலும் சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. ஸ்விஃப்ட்டுக்கோ போலோவுக்கோ பேட் எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கும். பிரேக் தொழில் நம்மூரில் வேரூன்றிய தொழில்தான், சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. எம்340ஐ-யின் நான்கு பிஸ்டன் காலிப்பருக்கான பேட் அப்படிக் கடையில் தொங்காது. வரவழைக்க வேண்டும். சேசிஸ் எண்ணின் கடைசி 7 எழுத்துகளை வைத்துத்தான் சரியான பாக எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 3 சீரிஸ் என்று மட்டும் சொல்லி வாங்கினால் சாதாரண 330ஐ-யின் பேட் வந்து நிற்கும். டூப்ளிகேட் பயமும் இருக்கிறது. பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது ஒன்றுக்கும் உதவாது. டெக்ஸ்டார், யூரிட், பிரெம்போ போன்ற பெயர்களை விலை பாதி என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்குவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டப் போகிறவர்கள் ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற பேடுக்கு ஆசைப்படுவார்கள். சூடு ஏறினாலும் பிடி தளராது என்பது உண்மை. ஊருக்குள் கிறீச்சென்று கத்தும், தூசி கொட்டும் என்பதும் உண்மை. முழு ரேஸ் பேடைத் தெருவில் போட்டால் காலையில் குளிர்ந்த நிலையில் பிடிக்கவே பிடிக்காது, அது தெருவுக்குச் செய்யப்பட்டதே இல்லை. டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு மட்டும் நான் மேலே போட்ட 12 வருடக் கணக்கு மாறும். அவர் போகும்போது ஒரு பேட், வந்ததும் ஒரு பேட் என்று வருடத்துக்குப் பலமுறை மாற்றுவார். அவர் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், கருவிச் செலவு ஒரே வருடத்தில் திரும்பிவிடும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்ய அனுமதியும் கிடைக்காது, தளமும் பல இடங்களில் சாய்வு. சமதளக் கான்கிரீட் இல்லையென்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது, ஸ்டாண்ட் இருக்க வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். எம்340ஐ-யில் ஜாக்கி வைக்கும் இடங்கள் குறிப்பிட்ட பட்டைகள் மட்டும்தான். வேறெங்கே வைத்தாலும் தகடு நெளியும். கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்து வைக்காமல் காருக்கு அடியில் தள்ளி வையுங்கள். எல்லாம் தவறிப்போனாலும் அது காரைத் தாங்கும்.

ஆக, இந்தக் காருக்கு என் முடிவு இது. முன் பேட் வீட்டில், நிதானமாக, ஒரு முழு நாளை ஒதுக்கி. முன் டிஸ்க் மாற்றும்போது முதல்முறை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது, அடுத்த முறை கையோடு இன்னொருவரை வைத்துக்கொண்டு நாமே செய்வது. பின் சக்கரமும் பிரேக் ஆயிலும் ஸ்பெஷலிஸ்டிடம், பாகம் நான் வாங்கிக் கொடுத்து. இதுவரை காரில் ஒரு சக்கரம்கூடக் கழற்றிப் பார்க்காதவர் என்றால் எதையுமே வீட்டில் தொடங்க வேண்டாம். ஒரு சாதாரணக் காரின் முன் பேடில் கை பழகட்டும். யார் மாற்றினாலும் சரி, வெள்ளிக்கிழமை மாற்றிச் சனிக்கிழமை மலைக்குப் போகாதீர்கள்.

ஏனென்றால் புதுப் பேட் மாட்டிய உடனே முழுப் பலத்தோடு பிடிக்காது. டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய படலம் சீராகப் படிய வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இந்த வேலை நம்முடையதுதான், பெரும்பாலும் யாரும் நமக்காக இதைச் செய்து தருவதில்லை. நான் விடியற்காலை நான்கரை மணிக்கு, வண்டி நடமாட்டம் இல்லாத அகலமான சாலையில், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரைக்கும் மிதமான அழுத்தத்தில் பத்துத் தடவை குறைத்தேன். ஒருமுறைகூட முழுதாக நிறுத்தவில்லை. சூடான பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கோடு ஒட்டி நின்றால் அந்த இடத்தில் திட்டு விழும், அப்புறம் அந்தப் பெடல் உதறல் நிரந்தரம். ஏழாவது தடவையில் லேசாகக் கருகும் வாடை வந்தது. அது இயல்பு. அப்புறம் பிரேக் தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சை எடுத்து எல்லா வீல் போல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்தேன். ரிசர்வாயர் மட்டத்தையும், நான்கு சக்கரத்தின் உள்பக்கம் கசிவு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தில் ஒரு போல்ட் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. மற்றவை அசையவில்லை. அடுத்த மாதம் கோத்தகிரிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அதற்கு முன் ஆயிலை மாற்ற அண்ணாவிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.